சென்னை மாநகரின் சிறு சமூக இதழ்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெருநகர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையையும் துறைமுகத்தையும் ஆட்சியாளரையும் பற்றியே பெரிதும் எழுதுவர். செய்தித்தாள்களைச் சான்றாகக் கொள்வோரும் பேரிதழ்களையே புரட்டுவர். ஆயினும் ஒரு மாநகரில் வாழ்வோர் ஒரே மொழியினர் அல்லர். ஒரே நிலையினரும் அல்லர். சிறு தொகையினரான ஒரு சமூகம் தனக்கென ஓர் இதழை நடத்தும்போது அது எதைச் சாதிக்கிறது? அவ்விதழ் நின்றபின் எது இழக்கப்படுகிறது? இவ்விரு வினாக்களையும் சென்னையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே நமது நோக்கம்.

அன்னவாசல் வட்டாரத்தில் ஊழியஞ் செய்யும் நமக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல. அருகேயுள்ள சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவியர் படுக்கையொன்றில் ஒரு தமிழி எழுத்துப் பொறிப்பு உண்டு. அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என அறிஞர் பலர் கருதுவர். எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவருக்கு இவ்விருக்கையை இன்னார் அமைத்தனர் என்பதே அதன் பொருள். எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர். வேற்றுநாட்டிலிருந்து வந்த ஒருவரின் பிறந்த ஊரையும், அவருக்கு இடமளித்தோரையும் பதிந்து வைத்த செய்தி அது. கல்லில் வெட்டப்பட்டமையால் அச்செய்தி நம்மை வந்தடைந்தது. தாளில் அச்சிடப்பட்டவற்றுக்கு அத்தகைய உறுதி இல்லை.

1. அச்சும் அயலாரும்

சென்னையில் அச்சுக்கலை வேரூன்றிய வரலாறு திருச்சபை வரலாற்றோடு பிணைந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, வேப்பேரியில் பணியாற்றிய பப்ரீசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் அச்சு வேலைகளையும் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. 1785 அக்டோபரில் ரிச்சர்ட் ஜான்ஸ்டன் 'மெட்ராஸ் கூரியர்' என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினார். ஆங்கிலேய அலுவலரும் வணிகருமே அதன் வாசகர்.

ஒன்பதாண்டுகள் கழித்து, 1794இல், இந்நகரில் ஒரு வியத்தகு நிகழ்ச்சி நேர்ந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை ஆர்மீனிய நாட்டிலன்றிச் சென்னையில் வெளிவந்தது. அதன் பெயர் 'அஸ்தரார்'. அறிவிப்பவன் என்று பொருள். அதனைத் தொடங்கியவர் அருட்தந்தை ஹாருத்தியூன் ஷ்மாவோனியன். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிற் பிறந்த இவர், தம் புதல்வர் இருவரை ஒருவார காலத்திற்குள் பறிகொடுத்தவர். 1784இல் சென்னைக்குக் குருவானவராக வந்து, 1824இல் மரிக்கும்வரை நாற்பதாண்டுகள் இங்கேயே இருந்தார். இவரது கல்லறை இன்றைய ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியத் தெருவிலுள்ள ஆலய வளாகத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்த ஆர்மீனியர் பெரும்பாலும் வணிகர். தாயகமோ பிறர் ஆளுகையின்கீழ் இருந்தது. அவர்களுக்குக் கப்பல், வாணிகச் செய்திகளையும், அயல்நாட்டு நிகழ்ச்சிகளையும், தம் இனத்தாரின் நிலைமையையும் அவ்விதழ் தாய்மொழியிலேயே எடுத்துரைத்தது. அது 1796க்குப் பின் நீடிக்கவில்லை. எனினும் ஆர்மீனிய இதழியலின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதிலிருந்தே தொடங்குகின்றனர். ஓர் இதழின் பயனை அதன் ஆயுளைக்கொண்டு அளக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2. நாட்டு மொழிகளின் எழுச்சி

தமிழில் முதற் பருவ இதழாகக் கருதப்படும் 'தமிழ் மேகசின்' 1831இல் சென்னைக் கிறிஸ்தவத் துண்டுப் பிரசுர சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. 1855இல் 'தினவர்த்தமானி' தோன்றிற்று. பெயரில் தினம் இருந்தபோதிலும் அது வாரந்தோறுமே வந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனெரியாக இருந்து, ஆறுமுக நாவலரின் உதவியோடு வேதாகம மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த பேர்சிவல் ஐயரே அதனை நடத்தினார். பின்னாளில் தமிழ் நூற்பதிப்பிற் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை அதன் ஆசிரியப் பணியில் பங்கு கொண்டார். இவ்விதழ்கள் மிஷனெரிமாரின் நோக்கத்தோடு தொடங்கினும், நாட்டு நடப்பை எளிய உரைநடையில் எழுதும் வழக்கத்திற்கு வித்திட்டன.

தமிழ் மட்டுமே சென்னையின் மொழியாக இருந்ததில்லை. 'வர்த்தமான தரங்கிணி' என்னும் தெலுங்கு வார இதழை 1842இல் இந்நகரில் நடத்தியவர் சையது ரகமத்துல்லா என்னும் இசுலாமியர். மொழிக்கும் சமயத்திற்கும் இடையே நாம் இன்று எழுப்பும் வேலிகளை அக்காலத்து அச்சகங்கள் அறியவில்லை.

1878இல் 'தி இந்து'வும், 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திர'னும் தோன்றியபின் அரசியல் இதழியல் வலுப்பெற்றது. சுதேசமித்திரன் 1899இல் நாளேடாயிற்று. இவற்றின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருப்பதால் இங்கு விரிக்க வேண்டியதில்லை. அவை பொதுமக்களின் குரல் எனப்பட்டபோது அந்தப் பொதுவில் இடம்பெறாதோர் யாவர் என்பதே நாம் நோக்கற்பாலது.

3. இடம் மறுக்கப்பட்டோரின் இதழ்கள்

1885இல் வெஸ்லியன் சபையைச் சார்ந்த அருட்திரு ஜான் இரத்தினமும் அயோத்திதாச பண்டிதரும் இணைந்து 'திராவிட பாண்டியன்' இதழைக் கொணர்ந்தனர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாக வழங்கிய பெயரையே இதழின் முகப்பில் பொறித்தது அவர் ஆராய்ந்து எடுத்த முடிவு. பெயரை மறைத்து உரிமை கேட்பதினும், பெயரைச் சொல்லியே கேட்பது மேல் என அவர் கருதினார். அவ்விதழ் 1900 வரை நடந்தது.

1907 ஜூனில் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். விலையே பெயராயிற்று. ஓராண்டின்பின் அது 'தமிழன்' என வழங்கலாயிற்று. 1914இல் தாம் மறையும்வரை அவர் அதனை நடத்தினார். பவுத்தம் தழுவியிருந்த பண்டிதர், கிறிஸ்தவச் சபைகளுக்குள் நிலவிய சாதி வேற்றுமைகளையும் தம் இதழிற் கண்டித்தெழுதினார். நம் சபைகளின் இதழ்கள் கூசிய செய்திகள் ஒரு பைசா இதழில் இடம்பெற்றன. எனவே, திருச்சபை வரலாற்றைக் கற்போர்க்கும் அது தவிர்க்கவொண்ணாத சான்று.

இவ்விதழ்களின் பின்வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. திராவிட பாண்டியனும் பறையனும் முழுத் தொகுதிகளாக ஆய்வாளர் கைக்கு எட்டவில்லை. நாட்டுமொழி இதழ்களைக் கண்காணிக்கும் பொருட்டு ஆங்கில அரசு மொழிபெயர்த்து வைத்த அறிக்கைகளிலிருந்தே, அக்கால இதழ்கள் பலவற்றின் கருத்துகளை நாம் அறிய வேண்டியிருக்கிறது. ஐயத்தோடு படித்த அரசு குறிப்பெடுத்து வைத்தது. உரிமையோடு வாங்கிப் படித்த மக்களுக்கோ பாதுகாக்கும் வசதி இல்லை. தமிழனின் நிலை வேறு. அதன் பக்கங்களைச் சிலர் போற்றி வைத்திருந்தமையால், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க இயன்றது. 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' எனும் பெயரில் அவற்றை வெளியிடத் தொடங்கிற்று. அதன்பின் தமிழகத்தின் சிந்தனை வரலாற்றையே அறிஞர் திருத்தி எழுத நேர்ந்தது. சபைகளைக் கண்டித்த ஒருவரின் எழுத்தைக் கிறிஸ்தவக் கல்லூரியொன்று காத்து வழங்கியது போற்றத்தக்க செயல்.

4. பெயர்ந்து சென்றதும் நிலைத்து நின்றதும்

காசிநாதுனி நாகேசுவர ராவ் 1908இல் பம்பாயில் தொடங்கிய 'ஆந்திர பத்திரிகை' 1914இல் சென்னைக்கு வந்து நாளேடாயிற்று. அமிர்தாஞ்சன் தைலத்தை நிறுவியவரும் அவரே. தைலத்தால் வந்த பொருள் மொழிப்பணிக்குத் துணை செய்தது. ஆந்திர மாநிலக் கோரிக்கைக்கு அவ்வேடு அரணாக விளங்கிற்று. 1952 டிசம்பரில் பொட்டி சிறீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. அதன்பின் தெலுங்கு இதழியலின் மையம் விசயவாடாவுக்கும் ஐதராபாத்துக்கும் பெயர்ந்தது. தான் வேண்டிய கோரிக்கை நிறைவேறியதாலேயே ஓர் இதழ்மரபு தன் நகரை இழக்கக்கூடும் என்பதை இதிற் காண்கிறோம்.

இதற்கு மாறானது 'தி முசல்மான்' என்னும் உருது மாலை நாளேட்டின் கதை. 1927இல் சையது அசுமத்துல்லா அதனைத் திருவல்லிக்கேணியில் தொடங்கினார். காத்திபுகள் எனப்படும் எழுத்துக் கலைஞர்கள் நான்கு பக்கங்களையும் கையால் எழுத, அப்பக்கங்கள் படமெடுக்கப்பட்டு அச்சாகும். கடைசி நேரச் செய்திக்கென முதற் பக்கத்தில் ஒரு மூலை வெறுமையாக விடப்படும். நிறுவியவருக்குப்பின் அவர் மைந்தர் சையது பசுலுல்லா 2008இல் மறையும்வரை ஆசிரியராக இருந்தார். பின்னர் அவர் மைந்தர் பொறுப்பேற்றார். மூன்று தலைமுறையினரும் குறைந்த விலைக்கே இதழைக் கொடுத்து வந்தனர். இலாபம் இல்லாத இடத்திலும் ஓரிதழ் நிலைத்ததற்கு வாசகரின் பற்றும், ஒரு குடும்பத்தின் உறுதியுமே காரணங்கள்.

பேட்டைகளுக்கென இதழ் நடத்தும் முறையும் பின்னர் வளர்ந்தது. 1994இல் தோன்றிய 'மயிலாப்பூர் டைம்ஸ்' போன்றவை குடிநீர், சாலை, கோயில் விழா, பள்ளி நிகழ்ச்சி முதலிய செய்திகளைத் தாங்கி இலவசமாக வீடுகளுக்கு வந்தன. இவற்றை எளியன என்று தள்ளலாகாது. ஒரு தெருவின் ஐம்பதாண்டு வாழ்வைப் பின்னாளில் அறிய விரும்புவோர்க்கு இவையே மூலங்களாகும்.

5. நமக்குரிய கடமை

நம் வட்டாரத்தார் பலர் பிழைப்பு நாடிச் சென்ற சிங்கப்பூரை ஒப்புநோக்குவோம். அங்கே 1887இல் 'சிங்கை நேசன்' வெளிவந்தது, 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். அந்நகரில் தமிழர் சிறுபான்மையினரே. ஆயினும் அவ்விதழ்களின் பழைய பக்கங்களைத் தேசிய நூலகம் மின்வடிவிலாக்கிப் பேணுகிறது. சிறுபான்மையினரின் ஏட்டையும் நாட்டின் உடைமையாகக் கருதும் மனப்பான்மை அது.

நம் நிலை என்ன? கிராமச் சபைகளின் மாத இதழ்கள், ஆலய நூற்றாண்டு மலர்கள், வாலிபர் சங்கக் கையெழுத்துப் பிரதிகள் ஆகியவை ஆலயப் பேழைகளிலும் ஆயர் இல்லப் பரண்களிலும் செல்லரித்துக் கிடக்கின்றன. ஆயர் மாற்றலாகும்போது அவை பழைய காகிதத்தோடு எடைக்குப் போவதுமுண்டு. எந்தப் பேரிதழும் எழுதாத மக்களின் பெயர்கள், பஞ்ச காலத்து இடப்பெயர்ச்சி, முதற் பள்ளியின் தொடக்கம், சபைக்குள் எழுந்த பூசல் ஆகியவை அவற்றிலன்றி வேறெங்கும் இல்லை.

ஆதலின் இறையியல் மாணவருக்கும் உடன் ஊழியருக்கும் நாம் கூறுவது இது. ஒவ்வொரு சபையும் தன் அச்சுப் பிரதிகளில் இரண்டைத் தனியே வைக்கட்டும். ஒன்று சபையில் இருக்கட்டும். மற்றொன்று இறையியற் கல்லூரி நூலகத்திற்கோ பேராயத்தின் ஆவணக் காப்பகத்திற்கோ செல்லட்டும். ஆண்டு, அச்சகம், ஆசிரியர் ஆகிய மூன்றும் முதற் பக்கத்தில் தவறாது இடம்பெறட்டும். நமக்கு உவப்பற்ற இதழ்களையும், நம்மைக் கண்டித்த துண்டு வெளியீடுகளையுங்கூட விலக்காது சேர்ப்போமாக.

ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முறையீடு, அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற் போனதைப் பற்றியதே என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அம்முறையீடு பதிவானதாலேயே எழுவர் தெரிந்தெடுக்கப்பட்ட காரணத்தை நாம் அறிகிறோம். சிறு தொகையினரின் குரலைக் கேட்பது ஊழியம் எனின், அக்குரல் பதிந்த தாளைக் காப்பதும் ஊழியமே.