ஊர் வீட்டுக்கு ஏசி வாங்கப் போறீங்களா? முதலில் சுவருக்குள் இருக்கும் வயரிங்கைப் பாருங்கள்

சம்பளம் வந்ததும் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒரு ஏசி, ஒரு கீசர் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம். இரண்டு நாளில் டெலிவரி ஆகிறது, மாட்டவும் ஆள் வந்துவிடுகிறார். ஆனால் அந்தச் சுவருக்குள் ஓடும் வயர் நீங்கள் பிறப்பதற்கு முன்பே போட்டதாக இருக்கலாம். வீடு தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராயபுரம், விசாகப்பட்டினம் என்று கடலுக்குப் பக்கத்தில் இருந்தால், வயரின் வயதோடு உப்புக்காற்று செய்த வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளில் பலவற்றைத் தடுக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

உப்புக்காற்று அப்படி என்ன செய்யும்?

கடல் காற்றில் வரும் உப்புத் துகள்கள் சுவிட்ச் போர்டுக்குள்ளும் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். விளைவு இரண்டு. ஒன்று, வயரிலிருந்து சுவருக்கோ பாக்ஸுக்கோ கொஞ்சம் கொஞ்சமாக மின்கசிவு. இரண்டு, திருகுகளும் இணைப்புகளும் அரித்து, கான்டாக்ட் லூசாகி, அந்த இடம் சூடாவது. பிளக் பாயிண்ட் பழுப்பு நிறமாக மாறியிருந்தால், சுவிட்ச் போடும்போது 'சரசர' என்று சத்தம் வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்தக் காலத்து வயரிங், இந்தக் காலத்து லோடு

1960கள் முதல் 80கள் வரை கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயர்தான் போட்டார்கள். பிறகு ரிப்பேர் செய்தவர்கள் அதில் காப்பர் வயரை முறுக்கி ஒட்டு போட்டிருப்பார்கள். அலுமினியமும் காப்பரும் சேரும் இடத்தில் உப்பும் ஈரமும் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

அன்றைக்கு அந்த வீட்டில் நாலு லைட், ரெண்டு ஃபேன், ஒரு டிவி. இன்றைக்கு? 1.5 டன் ஏசி ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கீசரும் அதே அளவு இண்டக்‌ஷன் அடுப்பும் ஆளுக்கு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயர் இதைத் தாங்காது.

'எம்.சி.பி. போட்டாச்சே, போதாதா?'

போதாது. பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். பீங்கான் ஃபியூஸை எடுத்துவிட்டு எம்.சி.பி. மாட்டுவது நல்ல விஷயம்தான். ஆனால் எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. மனித உடல் வழியாகச் சில பத்து மில்லியாம்பியர் ஓடினாலே இதயத் துடிப்பு நிலைகுலையலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லியாம்பியர்.

ஆளைக் காப்பாற்றும் கருவி ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லியாம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் சப்ளையை வெட்டிவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது இந்த 30 மில்லியாம்பியர் ரகம். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்கு 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. ஓவர்லோடையும் அது கவனிக்காது. அதனால் எம்.சி.பி.யும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

'அடிக்கடி விழுது, எடுத்துடலாமா?'

பழைய கடலோர வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டிய முதல் வாரமே இந்தக் கேள்வி வரும். "லைன்ல ஏதோ இருக்கு, நேரா கொடுத்துடுறேன் சார்" என்று சொல்லி அதைத் துண்டித்துவிடுபவர்களும் உண்டு. அனுமதிக்காதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ உண்மையிலேயே மின்கசிவு இருக்கிறது, அல்லது நியூட்ரல் கலந்திருக்கிறது. இன்வெர்ட்டர் லைனுக்கும் மெயின் லைனுக்கும் ஒரே நியூட்ரல் கொடுத்திருந்தாலும் விழும்.

கசிவு எந்த லைனில் என்று கண்டுபிடிக்க 500 வோல்ட் மெகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த லைனை மாற்றியே ஆக வேண்டும்.

எர்த் இருக்கிறதா, இருப்பது போல இருக்கிறதா?

மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில வீடுகளில் எர்த் பின்னில் வயரே இருக்காது. இன்னும் சில வீடுகளில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு ஜம்பர் போட்டிருப்பார்கள். இது மிக ஆபத்து. எங்காவது நியூட்ரல் அறுந்தால் வாஷிங் மெஷினின் வெளிப்பகுதி முழுவதும் ஷாக் அடிக்கும்.

உண்மையான எர்த் குழி இருந்தாலும், உப்பு மண்ணில் ஜி.ஐ. பைப்பும் அதன் மேலுள்ள நட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் காப்பர் பூசிய ராடு நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் இருந்தால் வீட்டுக்குப் போதும். எர்த் சரியாக இருந்தால், மெஷினில் கசிவு வந்ததுமே ஆர்.சி.சி.பி. விழும். இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

பட்ஜெட் கம்மி, எதை முதலில் செய்வது?

முழு வீட்டையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாவிட்டால் இந்த வரிசையில் போகலாம்:

1. எர்த் சரிசெய்து, மெயினில் ஆர்.சி.சி.பி. மாட்டுவது.

2. தண்ணீர் புழங்கும் இடங்களுக்கு, அதாவது கீசர், வாஷிங் மெஷின், மோட்டார், கிச்சன் ஆகியவற்றுக்குத் தனித்தனி லைன். கூடவே ஏசிக்கும்.

3. மீதி அறைகளின் வயரிங்.

புது வயர் காப்பராக, ஐ.எஸ். 694 முத்திரையோடு இருக்கட்டும். லைட்டுக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 ஸ்கொயர் எம்.எம். என்பது வழக்கமான அளவு. இரும்பு பைப், இரும்பு பாக்ஸுக்குப் பதில் பி.வி.சி. பைப், பிளாஸ்டிக் பாக்ஸ். வெளிச்சுவரில் ஐ.பி. 65 தரமுள்ள மூடிய பாக்ஸ். வெள்ளம் வரும் தெருவாக இருந்தால் தரைத்தளத்தில் பிளக் பாயிண்டுகளையும் மெயின் போர்டையும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வேலையை லைசென்ஸ் உள்ள கான்டிராக்டரிடம் கொடுங்கள். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று பாருங்கள். ஏசி சேர்த்தால் அது போதாமல் போகலாம், அப்போது மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

இன்று இரவு வீட்டுக்குப் போன் செய்யும்போது, மெயின் போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டர் போன்றவற்றை அணைத்துவிட்டு அதை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால், உப்புக்காற்றில் அது உள்ளேயே இறுகிப் போயிருக்கலாம், மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யச் சொல்லுங்கள். அப்படி ஒரு பட்டனே போட்டோவில் இல்லை என்றால், ஏசி ஆர்டரைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.