தீப்பெட்டிப் படமும் எங்க வத்தல் பொடியும்

மானாவாரி வெள்ளாமை பொய்த்துப்போன வருசமெல்லாம் எங்க கரிசக்காட்டுக்குக் கஞ்சி ஊத்துனது தீப்பெட்டி ஆபீஸ்தான். ஆபீஸ்னதும் மேசை நாற்காலினு நினைச்சுராதீங்க. தீப்பெட்டி செய்யிற இடத்துக்கு இங்க அதுதான் பேரு.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறுவருசம் ஊருக்கு வந்து தீப்பெட்டி போட ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் நம்ம அடுப்பைப் பற்றவைத்தது பெரும்பாலும் சுவீடன், ஜப்பான் சரக்கு. அவங்க லேசுப்பட்டவங்க இல்ல. நம்ம சாமி படத்தையே பெட்டி மேல ஒட்டி நமக்கே வித்தாங்க! 1923-ல் சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் பெரிய பெரிய மிசினோடு இந்தியாவிலேயே வந்து இறங்கிவிட்டது.

கையால் செய்கிற சின்ன ஆபீஸ்காரர் அந்த மிசினுக்கு முன்னால் எப்படி நின்றார்? கூலி மலிவு, வறண்ட காத்து, எல்லாம் காரணம்தான். எனக்குப் பெரிசாத் தெரியிறது அந்தப் படம். யோசிச்சுப் பாருங்க. யார் செஞ்சாலும் அதே குச்சி, அதே மருந்து, கிட்டத்தட்ட அதே விலை. 50 காசாக இருந்தது 2007-ல் 1 ரூபாய் ஆனது, 2021 டிசம்பரில் 2 ரூபாய் ஆனது. ஏறினால் எல்லாருக்கும் சேர்ந்துதான் ஏறும். விலையைக் குறைத்தும் ஆளைப் பிடிக்க முடியாது, தரத்தைச் சொல்லியும் பிடிக்க முடியாது. மிச்சம் இருந்தது விரல்கடை அகலத்துக்கு ஒரு காகிதம்.

அதில் சேவல், சாவி, ரோசாப்பூ, சிங்கம், ரயில்வண்டி என்று அச்சடித்தார்கள். படிக்கத் தெரியாத கிழவியும் கடையில் போய் "அந்தச் சேவப் படம் போட்டதக் குடு" என்பாள். இந்தப் பெட்டி வங்காளத்துக்கும் பஞ்சாபுக்கும் லாரி ஏறிச்சு. அங்க போய்த் தமிழ் எழுத்தை யார் வாசிக்கிறது? சேவல் எந்த ஊர்லயும் சேவல்தான். இந்த லேபிளை அச்சடிக்கத்தான் சிவகாசிக்கு லித்தோ அச்சு மிசின் வந்தது. பிறகு காலண்டர், டைரி, நோட்டு என்று ஊரே அச்சு ஊராகிவிட்டது.

ஒரு படம் நல்லா ஓடுச்சுன்னா பக்கத்து ஆபீஸ்காரர் அதே கலர், அதே கட்டம், விலங்கை மட்டும் மாத்திப் போட்டுருவார். மார்க்கைப் பதிவு செய்ய 1940-லேயே சட்டம் வந்தாச்சு. சட்டம் ஒரு பக்கம், சாத்தூர் ரோடு ஒரு பக்கம். சின்னப் பயலா இருந்தப்ப தீப்பெட்டிப் படம் சேத்து வச்சு விளையாடுவோம். அசலையும் போலியையும் எங்க கூட்டம் ஒரு பார்வையில பிரிச்சிரும். அசலுக்கு ரெண்டு படம் குடுத்தாத்தான் மாத்துவான்.

அந்தப் படத்தை ஒட்டினது யார்னும் சொல்லணும். எங்க அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, விரலெல்லாம் பசை காய்ஞ்சு தோல் உரிய, குரோஸ் கணக்குக்கு ஒட்டினா. குரோஸுன்னா 144 பெட்டி. இப்படி எத்தனையோ பிள்ளைங்க. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் ரொம்ப நாள் இது நடந்துச்சு. பெட்டி மேல முதலாளியோட மார்க் மட்டும் இருக்கும்.

விவசாயி நிலைமையும் கிட்டத்தட்ட இதேதான். 25 வருசமா விருதுநகர் கமிஷன் கடைக்கு வத்தல் போடுறேன். தராசுல ஏறுற வரைக்கும்தான் அது என் வத்தல். அப்புறம் சாக்கு மேல வியாபாரி மார்க் விழும். பாக்கெட்ல வரும்போது அதுக்கு வேற பேரு, வேற விலை. எந்தக் காட்டு வத்தல்னு திங்கிறவருக்கும் தெரியாது.

அதனாலதான் இந்தத் தை மாசம் நாங்க நாலு குடும்பம் சேந்து வத்தலை அரைச்சு நாங்களே பாக்கெட் போடப்போறோம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு முடிஞ்சிருச்சு. பேருலதான் சண்டை. மருமக இங்கிலீசுல வைக்கச் சொல்லுது, பக்கத்துக் காட்டு மாமா குலசாமி பேரை வைக்கணும்ங்கிறாரு. பேரு எதுவேணா இருக்கட்டும், படம் ஒண்ணே ஒண்ணு, ரெண்டே கலர்ல, பத்தடி தூரத்துல தெரியணும்னு நான் சொல்லிட்டேன். கரிசக்காட்டுல எந்நேரமும் மேயிற கௌதாரியைப் போடலாம்னு ஒரு நெனப்பு. மயிலு வேணாம், ஆயிரம் பேரு போட்டுட்டான். பாக்கெட் பின்பக்கம் நாலு குடும்பத்துப் பேரும் ஊர்ப்பேரும் தமிழ்ல இருக்கும்.

அச்சுக்குக் குடுக்க இன்னும் பத்து நாள் இருக்கு. கௌதாரி சரிவருமா, சொல்லுங்க.