டி.என்.ஏ-வில் ஒரே ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்? ரத்த அணுவை அரிவாளாக வளைக்கும் 'சிக்கிள் செல்' நோய்... முழு விளக்கம்!

கை, கால், முதுகு என திடீரென கிளம்பும் தாங்க முடியாத வலி. தீராத ரத்தசோகை, கண்ணில் மஞ்சள், அடிக்கடி காய்ச்சல். 'சிக்கிள் செல் அனீமியா' எனப்படும் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இதெல்லாம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். இதற்கு கிருமியும் காரணமில்லை, சத்துக் குறைவான சாப்பாடும் காரணமில்லை. ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தில், நூற்றுக்கணக்கான துண்டுகளில் ஒரே ஒரு துண்டு மாறிப்போனதுதான் காரணம்.

புரதத்துக்கு வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம்?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோர்த்த மாலை மாதிரி. மொத்தம் 20 வகை மணிகள். சிலது தண்ணீரோடு ஒத்துப்போகும், சிலது எண்ணெய் மாதிரி தண்ணீரைக் கண்டாலே விலகும். விலகுபவை உள்ளே ஒளிய, ஒத்துப்போபவை வெளியே நிற்க, மாலை தானாகவே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவம்தான் வேலையைச் செய்யும்.

வடிவம் குலைந்தால் என்ன ஆகும்னு அடுப்படியிலேயே பார்க்கலாம். முட்டையை வேகவைத்தால், கண்ணாடி மாதிரி இருந்த திரவம் வெள்ளையா கெட்டியாகிடும். மணிகளின் வரிசை மாறவே இல்லை. சூட்டில் மடிப்பு பிரிந்து, ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டது, அவ்ளோதான்.

மாலை எந்தெந்த கோணத்தில் மடிய முடியும், எதில் முடியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகம் என்பது பலருக்கும் தெரியாத சேதி. ஜி.என்.ராமச்சந்திரன் குழுவினர் 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்', உலகம் முழுக்க புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் பயன்படுகிறது.

மாறுவது எங்கே?

நம் ரத்தச் சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஒரு அணுவில் மட்டும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது ஒரு வடிவம், உடல் திசுக்களில் அதை இறக்கிவிட்ட பிறகு இன்னொரு வடிவம். இதன் அமைப்பை 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து கண்டறிந்த மேக்ஸ் பெருட்ஸுக்கு 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது.

146 மணிகள் கொண்ட பீட்டா சங்கிலியை எப்படிக் கோர்க்க வேண்டும் என்ற குறிப்பு டி.என்.ஏ-வில் இருக்கிறது. அதில் மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு மணி. ஆறாவது மணிக்கான குறிப்பு 'ஜி.ஏ.ஜி'. சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அது 'ஜி.டி.ஜி' என்று இருக்கும். நடுவில் 'ஏ' போய் 'டி' வந்துவிட்டது. இதனால் தண்ணீரோடு ஒத்துப்போகும் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக, தண்ணீரை விரும்பாத வேலின் வந்து உட்காருகிறது. அதுவும் புரதத்தின் வெளிப்பக்கத்தில்!

ஆக்சிஜன் இருக்கும்வரை பெரிய பிரச்சினை இல்லை. இறக்கிவிட்டதும் வடிவம் மாறும் இல்லையா, அப்போது பக்கத்து மூலக்கூறில் ஒரு சின்ன குழி திறக்கும். வேலின் அதில் போய் கச்சிதமாக ஒட்டிக்கும். ஒன்று இன்னொன்றைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, நீளமான விறைப்பான இழைகள் உருவாகும். அந்த இழைகள் உள்ளிருந்து தள்ள, உருண்டையான அணு அரிவாள் மாதிரி வளைகிறது.

நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் கிடைத்ததும் இழைகள் கரைந்து அணு பழையபடி ஆகலாம். ஆனால் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அணுவின் மேலுறை கெட்டுவிடும். வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும். அந்த அடைப்புதான் வலி. மண்ணீரல் பழுதாகலாம், சிறுவர்களுக்கே பக்கவாதம் கூட வரலாம். சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், இவை 10 முதல் 20 நாளிலேயே அழிந்துவிடும். அதனால்தான் ரத்தசோகை.

நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர்கள் வற்புறுத்துவதற்கும் இதுதான் காரணம். உடலில் நீர் குறைந்தால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக்கொள்ளும், இழை வேகமாக உருவாகும்.

பெற்றோர் நல்லா இருந்தும் குழந்தைக்கு ஏன்?

இந்த மாற்றம் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோய் தெரியாது. அவர் 'கேரியர்' மட்டுமே. இருவருமே கேரியராக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. கேரியர்களுக்கு கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா அதிகம் இருந்த ஆப்பிரிக்கா, இந்தியப் பழங்குடிப் பகுதிகளில் இந்த மாற்றம் நிலைத்து நின்றதற்கு அதுவே காரணம்.

இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரி மலையில் வாழும் பழங்குடியினரிடம். 2047-க்குள் நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. 40 வயது வரையிலான 7 கோடி பேருக்குப் பரிசோதனை என்பது இலக்கு. திருமணத்துக்கு முன்பே கேரியரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

சிகிச்சை உண்டா?

பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் இந்த நோயின் அறிகுறி இருக்காது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே கிடையாது, காமா சங்கிலிதான். அது இழையாகக் கோர்க்காது. இந்த ஒரு விஷயம்தான் மருத்துவத்துக்கு வழிகாட்டியது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி அதிகமாக்கும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டியிருப்பதால் டாக்டர் கண்காணிப்பில்தான் சாப்பிடணும்.

2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்ஜெவி' மரபணு சிகிச்சையும் அதே வழிதான். சுவாரசியம் என்னன்னா, மாறிப்போன அந்த எழுத்தை அது திருத்துவதே இல்லை. நோயாளியின் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, பிறந்த பிறகு காமா சங்கிலியை நிறுத்தும் சுவிட்சை 'கிரிஸ்பர்' கத்தரியால் முடக்கி, திரும்ப உடலில் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் இதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அறிமுகமான நேரத்து மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய்.