பாக்கெட் வானொலிக் கலைச்சொற்கள்

பாக்கெட் வானொலி என்பது அமெச்சூர் வானொலியாளர்கள், அதாவது ஹாம்கள், எழுத்துச் செய்திகளையும் கோப்புகளையும் சிறு துண்டுகளாகப் பிரித்து வானலையில் பரிமாறிக்கொள்ளும் முறை. ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். அதன் தலைப்பகுதியில் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் அழைப்புக்குறிகளும் இருக்கும். இத்துறைச் சொற்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றிப் பிறந்தவை. குறுகலான ஓர் அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர்களில் எல்லாருக்கும் எல்லாரும் கேட்பதில்லை.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் இயக்கிய அலோஹாநெட் இதற்கு முன்னோடி. ஹாம்களிடையே இது 1978-இல் கனடாவின் மான்ட்ரியலில் தொடங்கியது. அமெரிக்க ஹாம்களுக்கு ஆஸ்கி எழுத்துகளை அனுப்ப 1980-இல் அனுமதி கிடைத்தது.

டிஎன்சி: கணினிக்கும் வானொலிக்கும் நடுவே அமரும் பெட்டி, விரித்தால் டெர்மினல் நோட் கன்ட்ரோலர். மோடமும் சிறு கணினியும் அதற்குள் சேர்ந்தே இருக்கும். முதல் டிஎன்சிகள் வான்கூவர் ஹாம்களின் ஆக்கம். அரிசோனாவின் டூசான் நகரில் உருவான டாப்பர் அமைப்பு 1985-இல் வெளியிட்ட டிஎன்சி-2 தான் உலகெங்கும் பரவியது. ஸைலாக் இசட்80 சில்லில் இயங்கிய அதைப் பல நிறுவனங்கள் நகலெடுத்து விற்றன. டிஎன்சி கட்டளை நிலையில் இருக்கும்போது தட்டுவது அதற்கான ஆணை. உரையாடல் நிலையில் தட்டுவதெல்லாம் வானலைக்குப் போய்விடும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து, ஆணைகளை அடுத்தவர் திரையில் கொட்டுவது புதியவர்களுக்கு வாடிக்கை.

ஏஎஃப்எஸ்கே: பிட்டுகளை ஒலியாக மாற்றும் முறை. விஎச்எஃப் பட்டையில் வேகம் விநாடிக்கு 1200 பிட். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் மாறி மாறி வரும். பழைய பெல் 202 தொலைபேசி மோடத்தின் ஒலிகளே இவை. குரலுக்கென வாங்கிய சாதாரண எஃப்எம் வானொலியின் மைக் துளையிலேயே இவற்றைச் செலுத்திவிடலாம் என்பதால்தான் நிலைத்தன. எச்எஃப் பட்டையில் வேகம் 300 பிட் மட்டுமே. இங்கிலாந்தின் ஜேம்ஸ் மில்லர் வடிவமைத்த 9600 பிட் மோடத்துக்கு வானொலியின் உட்சுற்றிலேயே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

டிஎக்ஸ்டிலே: ஒலிபரப்புப் பொத்தானாகிய பிடிடி இயங்கியதும் வானொலி முழுத் திறனுக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை தரவை நிறுத்திவைக்கும் இடைவெளி இது. டிஎன்சி-2இல் 30 என்று கொடுத்தால் 300 மில்லி விநாடி. 256 பைட் கொண்ட முழு பாக்கெட், தலைப்பையும் சேர்த்து, 1200 பிட் வேகத்தில் ஏறக்குறைய 1.8 விநாடி வானலையில் இருக்கும். பத்தே எழுத்துள்ள பதிலுக்கும் அதே 300 மில்லி விநாடியைச் செலவிட வேண்டும். மெதுவாக விழிக்கும் வானொலி வைத்திருப்பவர் ஊருக்கே பொதுவான நேரத்தைத் தின்கிறார்.

டிசிடி, மறை நிலையம், பெர்சிஸ்ட்: அலைவரிசையில் வேறொருவரின் தரவு ஓடுகிறதா என்று உணர்வது டிசிடி. அது அணைந்த மறுகணமே காத்திருந்த எல்லாரும் பாய்ந்தால் பாக்கெட்டுகள் மோதி அழியும். ஆகவே டிஎன்சி 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது பெர்சிஸ்ட் மதிப்பைத் தாண்டாவிட்டால் அனுப்பும், தாண்டினால் ஸ்லாட்டைம் எனப்படும் சிறு பொழுது, வழக்கமாக 100 மில்லி விநாடி, பொறுத்து மீண்டும் குலுக்கும். வழக்கமான மதிப்பு 63. அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. இவ்வளவும் ஒருவரையொருவர் கேட்கும் நிலையங்களுக்கே உதவும். மலையின் இருபுறமும் இருக்கும் இருவர் உச்சியிலுள்ள நிலையத்தை மட்டும் கேட்பார்கள். ஒருவருக்கொருவர் அவர்கள் மறை நிலையங்கள். அங்கே டிசிடி பொய் சொல்லும்.

ஏஎக்ஸ்.25: தொலைபேசித் துறையின் எக்ஸ்.25 நெறிமுறையை ஹாம்களுக்கு ஏற்பத் திருத்தியது. இதன் இரண்டாம் பதிப்பை அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் 1984-இல் வெளியிட்டது. ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது வானலையில் போகும் வடிவிலான பாக்கெட்டும், 01111110 என்ற கொடியில் தொடங்கி அதே கொடியில் முடியும். தரவுக்குள் அந்த வரிசை தற்செயலாக வந்துவிடாதபடி, தொடர்ந்து ஐந்து 1 வந்தால் அனுப்பும் பக்கம் ஒரு 0 செருகும். வாங்கும் பக்கம் அதை எடுத்துவிடும். இறுதியில் வரும் 16 பிட் சரிபார்ப்பு எண் பொருந்தாத ஃபிரேம் சத்தமின்றிக் கைவிடப்படும்.

எஸ்எஸ்ஐடி: அழைப்புக்குறியின் பின்னொட்டாக வரும் 0 முதல் 15 வரையிலான எண். ஒரே உரிமத்தின் கீழ் வீட்டு நிலையம், அஞ்சல் பெட்டி, கார் என்று 16 நிலையங்களை இது வேறுபடுத்தும்.

கனெக்ட், ஃப்ராக், ரிட்ரை: இணைப்புக் கேட்கும் ஃபிரேம் எஸ்ஏபிஎம், சம்மதம் யுஏ, மறுப்பு டிஎம், முறித்துக்கொள்வது டிஸ்க். தரவைச் சுமப்பது ஐ-ஃபிரேம். அதற்கான ஒப்புகை ஆர்ஆர். ஒப்புகைக்காகக் காத்திருக்கும் நேரம் ஃப்ராக். அது வராவிட்டால் திரும்ப அனுப்பும் எண்ணிக்கைக்கு வரம்பு ரிட்ரை. ஒப்புகை பெறாமலே வரிசையாக அனுப்பக்கூடிய ஃபிரேம்கள் மேக்ஸ்ஃபிரேம். வரிசை எண்ணுக்கு மூன்று பிட் மட்டுமே என்பதால் ஏழைத் தாண்டாது. ஒப்புகை எதிர்பாராமல் பொதுவில் விடப்படுவது யுஐ ஃபிரேம். குறித்த இடைவெளியில் போகும் பீக்கன் அறிவிப்புகள் இந்த வகை.

டிஜிபீட்டர்: கேட்ட பாக்கெட்டை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்லும் இடைநிலையம். பாதையில் எட்டு வரை குறிப்பிடலாம் என்று 1984 விதி அனுமதித்தது. கண்காணிப்புத் திரையில் ஒரு டிஜிபீட்டரின் பெயரை அடுத்து உடுக்குறி தெரிந்தால், அது பாக்கெட்டைத் திரும்பச் சொல்லி முடித்துவிட்டது என்று பொருள். எட்டு என்பது தாராளம் மட்டுமல்ல, தவறான தாராளம். டிஜிபீட்டர் ஒப்புகை தருவதில்லை. கடைசி நிலையத்திலிருந்துதான் அது திரும்பிவர வேண்டும். மூன்று டிஜிபீட்டர், நான்கு தாவல் என்று கொள்வோம். ஒரு தாவல் நூற்றுக்குத் தொண்ணூறு முறை வெற்றி பெற்றாலும், பாக்கெட்டும் ஒப்புகையும் எட்டுத் தாவலையும் பிழையின்றிக் கடப்பது நூற்றுக்கு 43 முறைதான். நடுவில் எங்கு விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நோட்: இந்தக் குறையைத் தீர்த்தது 1987-இல் வந்த நெட்ராம். டிஎன்சி-2இன் ஈப்ராம் சில்லைக் கழற்றி இதைச் செருகினால் பெட்டி நோட் ஆகிவிடும். ஒவ்வொரு தாவலிலும் ஒப்புகை அங்கேயே முடிவதால், மேற்சொன்ன கணக்கில் தாவலுக்குச் சராசரியாக ஒன்றேகால் முறை அனுப்பினால் போதும். நோட்கள் தமக்குத் தெரிந்த வழிகளையும், 255-ஐ உச்சமாகக் கொண்ட தர மதிப்பையும் அவ்வப்போது அறிவித்துக்கொள்ளும். ஜெர்மனியில் இதன் வழியில் தெநெட் உருவானது.

பிபிஎஸ்: செய்திகளைச் சேமித்து, அலைவரிசை ஓய்ந்த நேரத்தில் அடுத்த ஊருக்குக் கடத்தும் அஞ்சல் பெட்டி. பிரான்சின் எஃப்6எஃப்பிபி மென்பொருள் இதில் பெயர் பெற்றது.

கிஸ்: டிஎன்சியிடமிருந்து நெறிமுறை வேலையைப் பறித்துக் கணினியிடம் கொடுக்கும் எளிய இடைமுகம். 192 என்ற பைட் எல்லைக்கல். தரவுக்குள் 192 வந்தால் 219, 220 என்ற இரண்டாக மாற்றி அனுப்புவார்கள். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் கார்ன், ஹாம்களுக்கென்றே டிசிபி/ஐபி மென்பொருளும் எழுதினார். அதற்குரிய முகவரிகள் 1981-இலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. 44 என்று தொடங்கும் அந்த 1.6 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளில் கால் பங்கு 2019-இல் அமேசானுக்கு விற்கப்பட்டது. இன்று டிஎன்சி பெட்டியின் இடத்தில் பெரும்பாலும் ஒலி அட்டையும் டைர்வுல்ஃப் போன்ற மென்பொருளும் இருக்கின்றன. கிஸ் மட்டும் மாறவில்லை.

ஏபிஆர்எஸ்: பாப் புரூனிங்கா உருவாக்கிய, இடமும் வானிலையும் குறுஞ்செய்தியும் பகிரும் முறை. இணைப்பே கிடையாது, எல்லாம் யுஐ ஃபிரேம்கள். ‘வைட்2-2’ என்று பாதை எழுதினால், ஒவ்வொரு டிஜிபீட்டரும் கடைசி எண்ணில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானதும் பயணம் முடியும். வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் 145.825 மெகாஹெர்ட்ஸில் டிஜிபீட்டர் இயங்கியிருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அது மத்திய இந்தியாவைக் கடக்கும்போது கொழும்பு ஹாமும் டெல்லி ஹாமும் சேர்ந்தே அதை எட்டலாம். ஆனால் ஒருவருக்கொருவர் கேட்க மாட்டார்கள். டிசிடியோ பெர்சிஸ்ட்டோ அங்கே உதவாது. தானியங்கி பீக்கனை அடிக்கடி விடாமல் இருப்பதே அங்கு வழக்கமான ஒழுங்கு.