பதின்பருவ உடல்பருமன் அறுவை சிகிச்சை

தீவிர உடல்பருமன் கொண்ட பதின்வயதினரின் எடையைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கியோ உணவுப் பாதையை மாற்றியமைத்தோ செய்யப்படும் சிகிச்சை. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி எஞ்சியதைக் குழல் வடிவாக்கும் ஸ்லீவ் முறை, மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைக்கும் பைபாஸ் முறை என்பன முதன்மை வகைகள்.

நீண்டகால விளைவுகளை அமெரிக்காவின் டீன்-லேப்ஸ் ஆய்வு 2007 முதல் பதிவுசெய்து வருகிறது. 2019 ஒப்பீட்டில், பைபாஸ் செய்து ஐந்தாண்டுகளுக்குப் பின் இரண்டாம் வகை நீரிழிவு தணிந்தோர் பதின்வயதினரில் 86%, பெரியவர்களில் 53%. 2024இல் வெளியான பத்தாண்டு முடிவுகளில் உடல் நிறை குறியீட்டெண் சராசரியாக 20% குறைந்திருந்தது. நீரிழிவுத் தணிவு 55%. இரும்புச்சத்து, வைட்டமின் குறைபாடுகள் முக்கியப் பக்கவிளைவுகள் என்பதால், வாழ்நாள் முழுவதும் சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனைகளும் தேவை.