ஒரே சுவரில் பல சின்னங்கள்: 1967 தேர்தலும் தொண்டர்களின் கூட்டுழைப்பும்

1967 பிப்ரவரியில் சென்னை மாநிலத்தில் நடந்த பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்ததற்கு மொழிப்போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, திரைப்படத்தின் செல்வாக்கு, மேடைப்பேச்சு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவை எதுவும் பொய்யல்ல எனினும், வாக்குக் கணக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. 1962-இல் ஏறத்தாழ 46 விழுக்காடு வாக்குகளுடன் 206 இடங்களில் 139-ஐக் கைப்பற்றிய காங்கிரஸ், 1967-இல் ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் 234 இடங்களில் 51-ஐ மட்டுமே வென்றது. 174 இடங்களில் போட்டியிட்டு 137-ஐ வென்ற தி.மு.க.வின் வாக்கு விழுக்காடோ காங்கிரஸினுடையதைவிடச் சற்றுக் குறைவு. எதிர்க்கட்சிகளின் வாக்குகள் சிதறாமல் தொகுதிதோறும் ஒரே வேட்பாளரிடம் குவிந்ததே இந்த முரணுக்கு முதன்மையான விளக்கமாகும். அக்குவிப்பைத் தலைவர்களின் உடன்பாடு தொடங்கிவைத்தது; நிறைவேற்றியவர்கள் தொண்டர்கள்.

தொண்டர் என்னும் சொல் சமயத்திலிருந்து அரசியலுக்கு வந்தது. அடியார்க்குப் பணிசெய்பவரைக் குறித்த அச்சொல்லை, பெரியபுராணத்தின் மற்றொரு பெயரான திருத்தொண்டர் புராணம் என்பதிலும் காணலாம். விடுதலை இயக்கக் காலத்தில் காங்கிரஸின் தொண்டர் படைகள் வழியே அது கட்சிப் பணியாளரைக் குறிக்கலாயிற்று. ஊதியமின்றிக் கொடி கட்டுபவர், சுவரில் எழுதுபவர், வாக்காளர் சீட்டு வழங்குபவர், வாக்குச்சாவடியில் முகவராக அமர்பவர் ஆகிய அனைவரும் அதனுள் அடங்கினர். ஆனால் விளிக்கும் முறை கட்சிக்குக் கட்சி வேறுபட்டது: தி.மு.க.வினர் அண்ணன் தம்பி என்று உறவு பாராட்டினர், கம்யூனிஸ்டுகள் ஒருவரையொருவர் தோழர் என்றனர்.

1967-இல் ஒன்றுசேர்ந்து உழைத்த இக்கட்சிகளுக்கிடையே முன்பு இருந்த பகை சிறிதன்று. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியவர், அன்று காங்கிரஸ் ஆட்சியை நடத்திய ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறை சென்றவர்களுள், பின்னாளில் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணாவும் ஒருவர். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, மாணவர்கள் அரைநாள் தந்தையின் தொழிலைக் கற்பதற்கு வழிசெய்வதாகக் கண்டு, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு அழைத்தனர்; அவ்வாண்டு தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அதற்கு எதிரானதே. அதே ராஜாஜி 1952-இல் கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்தவர். தி.மு.க.வின் தனித் திராவிட நாடு கோரிக்கையைக் கம்யூனிஸ்டுகள் ஏற்கவில்லை. தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சி.யோ அக்கொள்கையை மேடைதோறும் கண்டித்துவந்தவர்.

இத்தகையோரை நெருங்கவைத்தவை மூன்று நிகழ்வுகள். முதலாவதாக, 1963-இல் பிரிவினைக்கு எதிரான அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியதையடுத்துத் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதால், பிற கட்சிகளின் பெருந்தடை நீங்கியது. இரண்டாவதாக, 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதைப் பின்னாளில் வன்மையாக எதிர்த்து, 1965-இன் மொழிப்போராட்டத்தின்போது தி.மு.க.வினரின் நிலைப்பாட்டுக்கு அருகில் வந்து சேர்ந்திருந்தார். மூன்றாவதாக, உணவுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் எல்லாக் கட்சித் தொண்டரையும் ஒரே அரிசிக்கடை வரிசையில் நிறுத்தின.

உருவானது இன்றைய பொருளில் கூட்டணி ஆட்சிக்கான ஒப்பந்தமன்று. தொகுதி உடன்பாடு, அதாவது ஒரு தொகுதியில் ஒரு கட்சியே காங்கிரஸை எதிர்ப்பது, மற்றவை அதற்கு உழைப்பது என்னும் ஏற்பாடு. தி.மு.க., சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக், சோசலிஸ்ட் கட்சிகள் முதலியன இதில் இடம்பெற்றன. ம.பொ.சி. தியாகராய நகரிலும், நாம் தமிழர் இயக்கத்தைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் திருவைகுண்டத்திலும் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று வென்றனர்.

இந்த ஏற்பாட்டின் முழுச் சுமையும் சின்னத்தின்மேல் விழுந்தது. வேட்பாளருக்கொரு பெட்டி வைத்த முறை 1957-உடன் மறைந்து, ஒரே வாக்குச்சீட்டில் பல சின்னங்களை அச்சிட்டு, விரும்பிய சின்னத்துக்கு எதிரே முத்திரை குத்தும் முறை அப்போது நடைமுறையிலிருந்தது. மேலும், 1967-இல் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்தே தேர்தல் நடந்தமையால் ஒரு வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள் வந்தன. ஒரு சீட்டில் உதயசூரியன், மற்றொன்றில் சுதந்திராவின் நட்சத்திரம் அல்லது மார்க்சிஸ்டுகளின் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் என்று அமைந்த இடங்களில், எழுத்தறியாத ஒருவருக்கு எந்தச் சீட்டில் எதன்மேல் குத்துவது என்று தொண்டர்தான் வீடு வீடாகச் சென்று, மாதிரிச் சீட்டைக் காட்டிச் சொல்லித்தர வேண்டியிருந்தது. சுண்ணாம்பு பூசிய சுவரில் இரு மலைகளுக்கு நடுவே எழும் சூரியனை வரைந்து பழகிய கை, கட்சி விட்டுக்கொடுத்த தொகுதியில் சூரியனை விடுத்துத் தோழமைக் கட்சியின் சின்னத்தை வரைந்தது. தன் கட்சியின் சின்னமே இல்லாத சுவரில் இரவெல்லாம் கண்விழித்து எழுதுவதைவிடக் கடினமான கட்டுப்பாடு ஒரு தொண்டருக்கு இல்லை எனலாம்.

இவ்வுழைப்பால் பழைய வேறுபாடுகள் தீர்ந்துவிட்டன என்று கொள்வதற்கில்லை. சுதந்திராவும் மார்க்சிஸ்டுகளும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். இருவரும் தனித்தனியே தி.மு.க.வோடு உடன்பட்டவர்கள். அண்ணாவின் ஆசானான பெரியார் அத்தேர்தலில் காங்கிரஸை ஆதரித்தமையால், ஒரே மரபில் வந்த திராவிடர் கழகத் தொண்டரும் தி.மு.க. தொண்டரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். கருத்து மாற்றத்தைக் கோராமல், குறிக்கப்பட்ட காலத்துக்குக் குறிக்கப்பட்ட வேலையை மட்டும் கோரியதே அவ்வுடன்பாட்டின் வலிமையாகும். அதன் எல்லையும் அதுவே.

1967 மார்ச் 6-இல் அண்ணா முதலமைச்சரானபோது அமைச்சரவையில் தி.மு.க.வினர் மட்டுமே இடம்பெற்றனர். காங்கிரஸ் பிளவுபட்ட பின் நடந்த 1971 தேர்தலில் சுதந்திராக் கட்சி காமராசரின் ஸ்தாபன காங்கிரஸோடும், தி.மு.க. இந்திரா காந்தியின் காங்கிரஸோடும் சேர்ந்து நின்றன. அதே தெருக்களில், அதே தொண்டர்கள், பழைய சின்னங்களைச் சுண்ணாம்பால் மறைத்துவிட்டுப் புதிய துணையின் சின்னத்தை எழுதினர்.