பொம்மை வழக்கும் குடியரசுத்தலைவரின் அதிகார எல்லையும்

மாநிலத்தில் அரசியலமைப்பின்படி ஆட்சி நடைபெற இயலாத நிலை தோன்றியுள்ளது எனக் குடியரசுத்தலைவர் மனநிறைவுறின், அவ்வாட்சியைத் தாமே ஏற்கலாம் என்பது இந்திய அரசியலமைப்பின் 356ஆம் உறுப்பு. மனநிறைவு என்றவுடன் ஒருவரது உள்ளத்து நிலையெனக் கொள்ளத் தோன்றும். ஆயின் 74ஆம் உறுப்பின்படி அவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவராதலின், அது உண்மையில் அமைச்சரவையின் மனநிறைவே. அதனை நீதிமன்றம் ஆராயலாமா என்னும் வினாவிற்குப் பெங்களூர் நிகழ்ச்சியொன்று விடை தேடித் தந்தது.

1988 ஆகஸ்டில் முதலமைச்சரான எஸ்.ஆர். பொம்மைக்கு அடுத்த ஏப்ரலில் நெருக்கடி நேர்ந்தது. ஏப்ரல் 18 அன்று, ஆதரவை விலக்கிக்கொள்வதாக 19 உறுப்பினர் பெயரிலான கடிதங்கள் ஆளுநர் பி. வெங்கடசுப்பையாவிடம் அளிக்கப்பெற்றன. மறுநாளே அவர் குடியரசுத்தலைவருக்கு அறிக்கை விடுத்தார். 20ஆம் நாள் அவருள் எழுவர், தவறாக எடுத்துரைத்துக் கையொப்பம் பெறப்பட்டதெனக் கூறி அரசை ஆதரித்தனர். பேரவையைக் கூட்டிப் பெரும்பான்மையை மெய்ப்பிக்க முதலமைச்சரும் முன்வந்தார். எனினும் ஏப்ரல் 21இல் பிரகடனம் வெளியாயிற்று. அதில் ஒப்பமிட்டவர் தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் ஆவார்.

விதான சௌதாவிற்கு எதிரே நிற்கும் உயர்நீதிமன்றம் பொம்மையின் மனுவைத் தள்ளியது. சாலையைக் கடந்தால் எண்ணிவிடக்கூடிய தலைகளை எவரும் எண்ணவில்லை என்பதே இவ்வழக்கின் வேதனை.

1994 மார்ச் 11இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அப்பிரகடனம் செல்லாதென்றது. பெரும்பான்மையை அறியவேண்டிய இடம் பேரவையே. அறிவுரையை ஆராய இயலாதெனினும் அதற்கு அடிப்படையான சான்றுகளை ஆராயலாம். நாடாளுமன்ற இரு அவைகளும் ஏற்கும்வரை பேரவையைக் கலைத்தல் ஆகாது எனவும் வரையறுத்தது. 1975ஆம் ஆண்டின் 38ஆம் திருத்தம் இம்மனநிறைவை இறுதியானதாக்கியிருந்தது. 1978இன் 44ஆம் திருத்தம் அதனை நீக்கியமையே இவ்வாய்விற்கு வழிவிட்டது எனலாம். ஆனால் 1989 நவம்பரிலேயே கர்நாடகத்தில் தேர்தல் முடிந்துவிட்டமையால், வென்றவருக்கு ஆட்சி மீளவில்லை.

அதே 44ஆம் திருத்தம், அறிவுரையை ஒருமுறை மறுஆய்விற்குத் திருப்பியனுப்பும் உரிமையைக் குடியரசுத்தலைவருக்கு அளித்தது. 1997 அக்டோபரில் உத்தரப்பிரதேசம் குறித்த பரிந்துரையைக் கே.ஆர். நாராயணன் அவ்வாறு திருப்பினார். அமைச்சரவை அதனைக் கைவிட்டது. 2005 மே மாதம் பீகார் பேரவையைக் கலைக்கும் பிரகடனத்திற்கு ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் மாஸ்கோவிலிருந்து ஒப்புதல் தந்தார். பொம்மை தீர்ப்பைத் துணைக்கொண்டு, 2006 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அக்கலைப்பும் அரசியலமைப்பிற்கு முரணானது என்றது. அதற்குள் பீகாரிலும் தேர்தல் முடிந்திருந்தது.